சிறுவன் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி – ஜிம் கார்பெட் வாழ்விலிருந்து

ஜிம் கார்பெட் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது, காக்கி உடுப்பும் அரைக்கால் சட்டையுமாய், வீழ்ந்த புலியின் அருகே துப்பாக்கியுடன் நிற்கும் ஒரு வெள்ளைக்காரரின் உருவந்தான். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய நூலை நம் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படிக்காத மாணவர்கள் குறைவு. அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டிருப்பதே அதற்குச் சான்று. ஆனால் நான் எழுத விழைவது ஆட்கொல்லிகளைப் பற்றியன்று. அதற்கு முந்திய ஒரு சிறிய செய்தியைப் பற்றி. முதன்முதலாக மான் வேட்டைக்குப் புறப்படும் ஒரு சிறுவனின் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது? எவ்வளவு கனமான குண்டு அதில் இருக்க வேண்டும்? மேலை நாடுகளில் தந்தைமார் இன்றும் இக்கேள்வியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிடுவர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மானைச் சுடுவது சிறைக்கு வழி என்பதால் நமக்கு இக்கேள்வி எழவே வாய்ப்பில்லை. ஆயினும் கார்பெட்டின் வாழ்க்கையை இக்கேள்வியின் வழியே பார்த்தால், புலிக்கதைகளில் தெரியாத ஒரு மனிதர் தெரிகிறார்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தை கிறிஸ்டபர் அவ்வூர் அஞ்சல் அதிகாரி. வீடு நிறையப் பிள்ளைகள். கோடையில் ஏரிக்கரை நைனிதால். குளிர்காலத்தில் மலையடிவாரக் காலாதுங்கி. காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. 1881இல், ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன் தந்தை இறந்தார். வீட்டின் பாரம் தாயார் மேரி ஜேனின் தோளிலும் மூத்தவனான டாமின் தோளிலும் விழுந்தது. டாம் தந்தையின் அஞ்சல் வேலையை ஏற்றார். தம்பிக்கு வேட்டை ஆசானும் அவரே ஆனார். வெள்ளையர் வீடு என்றதும் பட்டும் பணியாளருமாய் நாம் எண்ணிவிடுகிறோம். இவர்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. இந்தச் சிக்கனத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஏனெனில் சிறுவன் ஜிம்முக்கு ஆயுதம் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் வீட்டின் பணப்பெட்டிதான்.

முதல் ஆயுதம் கவட்டை வில். கடும் சளிக்காய்ச்சலில் நுரையீரல் பாதிக்கப்பட்டுப் பிழைப்பதே அரிது என்ற நிலையில் ஜிம் படுத்திருந்தபோது, அவனுக்கு வாழ்வில் ஒரு பிடிப்பு உண்டாகட்டும் என்று டாம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் ஊர்ச் சிறுவர்கள் ஓணான் அடிக்கும் அதே கவட்டை. அதன் பின் உண்டை எறியும் வில்லும், அம்பு எய்யும் வில்லும் வந்தன. அப்போது ஸ்டீபன் டீஸ் என்னும் உறவினர் குமாயூன் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டிய பறவைகளைச் சேகரித்துத் தரும் பணியில் ஜிம் ஈடுபட்டான். அந்த டீஸ்தான் அவனுக்கு முதல் துப்பாக்கியை வழங்கினார். இரட்டைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடுவது. வலக்குழல் ஆறு அங்குல நீளத்திற்கு வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் தனித்தனியே விழுந்துவிடாமல் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

இப்படியொரு துப்பாக்கியைச் சிறுவனிடம் கொடுக்கலாமா என்று நாம் இன்று பதறுவோம். பதறுவது நியாயமே. பிளந்த குழலுக்குத் தவறுதலாக மருந்து கெட்டித்திருந்தால் உலகம் கார்பெட் என்ற பெயரையே அறிந்திராது. ஆனால் அத்துப்பாக்கி அவனுக்கு ஒரு வகையில் பொருந்தவும் செய்தது. நாட்டுத் துப்பாக்கியின் வசதி என்னவென்றால் மருந்தின் அளவு சுடுபவன் கையில் இருக்கிறது. சிறுவன் தன் தோள் தாங்கும் அளவே மருந்திட்டுக் கெட்டித்துக்கொள்ளலாம். உதை அதற்கேற்பக் குறையும். இன்றைய தோட்டாவில் அந்தச் சலுகை கிடையாது, தொழிற்சாலை இட்டதுதான் அளவு. இன்னொன்று, ஈயரவை இட்ட நாட்டுத் துப்பாக்கி முப்பது நாற்பது கெசத்திற்கு அப்பால் அதிகம் பயன்படாது. ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து, தக்கை, ரவை, கெட்டிக்கோல், மேலே வெடிமூடி என்று எல்லாம் முடிவதற்குள் காட்டுக்கோழி மலை ஏறிவிடும். ஆகவே ஜிம் அருகே போகக் கற்றான். சருகு மிதிக்காமல் நடக்கவும், காற்று வீசும் திசையை அறியவும், லங்கூர் குரங்கின் எச்சரிக்கை ஒலியையும் புள்ளிமானின் கூவலையும் பிரித்தறியவும் கற்றான். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஒரு வெடிக்கு ஒரு பறவையேனும் சமையலறைக்குப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இக்காலத்தில் அவனுக்குக் கிடைத்த மற்றோர் ஆசான் குன்வர் சிங். காலாதுங்கியை அடுத்த சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர். அதே சமயத்தில் அந்தப் பக்கத்திலேயே திருட்டு வேட்டையில் கைதேர்ந்தவர்! அவர் கற்பித்த முதல் பாடம் துப்பாக்கியைப் பற்றியதன்று. மரம் ஏறுவது, திசை தவறாமல் காட்டில் நடப்பது ஆகியவையே. பிற்காலத்தில் இவர் அபினிக்கு அடிமையாகிச் சாகக் கிடந்தபோது கார்பெட்தான் அருகிருந்து மீட்டார் என்பது தனிக்கதை.

ஒரு நாள், ஐந்தாறு காட்டுக்கோழிகளை நோக்கிச் சிறுவன் ஒரு இலந்தைப் புதரை ஒட்டித் தவழ்ந்து போனான். புதர் அசைந்தது. மறுபுறமிருந்து புலி ஒன்று வெளிவந்தது. திரும்பிச் சிறுவனைப் பார்த்தது. பின் தன் வழியே போய்விட்டது. கையில் இருந்ததோ பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி, அதில் கோழி சுடும் ரவை. அவன் சுடவில்லை. பயத்தில் சுடாமல் இருந்தான் என்று சொல்லிவிடலாம். எனக்கோ, கையில் உள்ள ஆயுதம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை அவன் அந்த வயதிலேயே அறிந்திருந்தான் என்று தோன்றுகிறது. சுட்டிருந்தால் புலி சாகாது. முகமெல்லாம் ஈயம் ஏறிக் காயத்தோடு காட்டில் அலைந்திருக்கும். அதன் விளைவு எதுவாக இருக்கும் என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் சம்பாவத்தில் கண்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்து வயதில் ஜிம் பள்ளியின் பயிற்சிப் படையில் சேர்ந்தான். நைனிதால் தொண்டர் படையைச் சேர்ந்த சிறுவர் அணி அது; நம் தேசிய மாணவர் படைக்கு ஒருவகையில் மூத்த உறவு எனலாம். படைப் பெரியவர்கள் பார்வையிட வந்திருந்தபோது இச்சிறுவன் சுட்டுக்காட்டிய திறமை அவர்களைக் கவர்ந்தது. அதன் பயனாக இராணுவத்தார் பயன்படுத்திய .450 மார்ட்டினி துப்பாக்கி ஒன்று அவனுக்கு இரவலாகக் கிடைத்தது. தோட்டாக்களும் இலவசம். நிபந்தனைகள் இரண்டே. துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுட்டபின் வெற்று ஓடுகளைத் திருப்பித் தர வேண்டும்.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது நல்லது. இயற்பியல் துறை நண்பர்கள் பிழை இருந்தால் பொறுத்தருளுக. .450 என்பது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 450 கூறு, அதாவது பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. இதைத்தான் ஆங்கிலத்தில் காலிபர் என்கிறார்கள். 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் ஈயக்குண்டு 480 கிரெய்ன், ஏறத்தாழ 31 கிராம். அதைத் தள்ளுவது 85 கிரெய்ன் கருமருந்து. குண்டு வினாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் வெளியேறும். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 12.7 வருகிறது. குண்டு முன்னே கொண்டுபோகும் அதே உந்தத்தைத் துப்பாக்கி பின்னே சுடுபவனின் தோளில் இறக்கும். அது நியூட்டன் வகுத்த விதி. இதன்மேல் கருமருந்துப் புகையின் உந்தமும் சேரும். மார்ட்டினியின் உதை பட்டாளத்தாரிடையே பேர்போனது. வளர்ந்த சிப்பாய்களின் தோளே கன்றிப்போகும் என்றால் பத்து வயதுச் சிறுவனின் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகிய நம் மாணவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அந்தச் சிறு துப்பாக்கிக்கு உதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே கண் திறந்தபடியே விசையை இழுக்க முடிகிறது. உதைக்கு அஞ்சும் சிறுவனோ விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண்ணை மூடுவான், தோள் பின்வாங்கும், விரல் வெடுக்கென்று இழுக்கும். குழல் ஒரு நூல் அளவு தாழ்ந்தால் போதும், நூறு கெசத்திற்கு அப்பால் குண்டு மானின் நெஞ்சுக்குப் பதில் வயிற்றிலோ முன்காலிலோ பாயும். அந்த மான் அன்று சாகாது. இரண்டு மூன்று நாள் புதரில் கிடந்து, நீருக்குத் தவித்துச் சாகும். பிழைத்தால் நொண்டியாகும். வேட்டைக்குச் சிறுவனை அனுப்பும் தந்தை எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த மானை. பெரிய குண்டைக் கொடுத்தால் எங்கே பட்டாலும் விலங்கு விழும் என்று நினைப்போர் உண்டு. அது தவறான எண்ணம். முன்தோளுக்குப் பின்னே, இதயமும் நுரையீரலும் இருக்கும் ஒரு தட்டளவு இடத்தில் படாத குண்டு பெரியதானால் என்ன, சிறியதானால் என்ன?

இன்று மான் வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் தேர்ந்த வேட்டைக்காரர்கள் இளையோருக்குப் பரிந்துரைப்பவை பெரும்பாலும் சிறு காலிபர்களே. 1955இல் வந்த .243 வின்செஸ்டர் அவற்றுள் ஒன்று. குண்டு 100 கிரெய்ன், ஆறரை கிராம். 1980இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட 7 மில்லிமீட்டர்-08 மற்றொன்று. காலிபரைப் போலவே கட்டையின் நீளத்தையும் அவர்கள் பார்ப்பார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கையின் உட்புறத்தில் வைத்து முன்கையோடு சேர்த்துப் பிடித்தால் சுட்டுவிரல் விசையை இயல்பாகத் தொட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம் அதிகம் என்று பொருள். அத்தகைய துப்பாக்கியைச் சிறுவன் தோளில் சரியாகப் பதிக்க இயலாது, புயத்தில் பதிப்பான், உதை இருமடங்காகத் தெரியும். பட்டாளத்தாருக்கென்று செய்த மார்ட்டினியின் கட்டை சிறுவன் ஜிம்முக்கு இந்தச் சோதனையில் நிச்சயம் தேறியிருக்காது.

அப்படியானால், எல்லா விதத்திலும் பொருந்தாத ஒரு துப்பாக்கியைக் கொண்டு அவன் எப்படித் தேறினான்? ஒன்று, அதற்கு முன்பே நாட்டுத் துப்பாக்கியால் அவன் தோள் உதைக்குப் பழகியிருந்தது. மற்றொன்று, மார்ட்டினி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. கீழே உள்ள நெம்பியை அழுத்தினால் வெற்று ஓடு வெளியே விழும். அடுத்த தோட்டாவைக் கையால்தான் வைக்க வேண்டும். கருமருந்தின் வெண்புகை கலைந்த பின்தான் எதிரே என்ன நடந்தது என்பதே தெரியும். இலவசத் தோட்டா கிடைத்த பின்பும் சிறுவன் ஊதாரியாகவில்லை. நாட்டுத் துப்பாக்கி பழக்கிய சிக்கனம் விரலில் தங்கிவிட்டது. இந்த மார்ட்டினியால்தான் அவன் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான். முதல் குண்டில் அது சாகவில்லை. காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பாமல், இரத்தத் தடத்தைத் தொடர்ந்து சென்று முடித்த பின்னரே அவன் வீட்டுக்கு ஓடினான். காயப்படுத்திய விலங்கைக் கைவிடலாகாது என்ற இந்த ஒழுக்கம் பிற்காலத்தில் அவரைப் பல முறை சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது.

பள்ளி முடிந்தது. மேற்படிப்புக்கு வசதி இல்லை. பதினெட்டு வயது நெருங்கும்போதே பெங்கால் நார்த் வெஸ்டர்ன் இரயில்வேயில் எரிபொருள் ஆய்வாளர் வேலை. இரயில் என்ஜின்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் பணி. பின் கங்கைக் கரையில் மொகாமா காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கூலியாட்களோடு உழைத்தார். முதல் உலகப் போரில் குமாயூன் தொழிலாளர் 500 பேரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, ஒருவர் நீங்கலாக அனைவரையும் திருப்பிக் கொண்டுவந்தார். இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

1907ஆம் ஆண்டு. சம்பாவத் பெண்புலி நேபாளத்தில் 200 பேரையும் குமாயூனில் 200க்கு மேற்பட்டோரையும் கொன்றிருந்தது. மொத்தம் 436 என்பது கணக்கு. அதைக் கொல்லும் பணி கார்பெட்டிடம் வந்தது. ஊர் மக்கள் ஏறத்தாழ 300 பேர் மலை முகட்டில் நின்று கூச்சலிட்டுப் புலியைக் கலைத்து ஓட்ட, கார்பெட் கீழே காத்திருந்தார். அவர் கையில் .500 காலிபர் இரட்டைக்குழல் துப்பாக்கி. வலிமைக்குக் குறைவே இல்லை. ஆனால் கொண்டு வந்திருந்த தோட்டாக்கள் எத்தனை? மூன்று! இரண்டு புலிக்கு, மூன்றாவது அவசரத்திற்கு. சிறு வயதில் பழகிய சிக்கனம் முப்பதைக் கடந்த பின்னும் அவரை விடவில்லை. மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி பாறை ஒன்றின்மேல் நின்று உறுமியது. கார்பெட் ஓடிச் சென்று தாசில்தாரிடமிருந்த துப்பாக்கியை வாங்கி வந்தார். அதுவோ குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தளர்ந்தது. இருபதடி தூரத்தில் நின்று புலியின் வாயைக் குறிவைத்தார். குண்டு வலது முன்பாதத்தில் பட்டது. நல்வேளையாக முன்னே பட்ட குண்டுகள் தம் வேலையை முடித்திருந்தன, புலி சரிந்தது. கார்பெட்டின் சிக்கனத்தைப் புகழ்வோர் பலர். நானும் மேலே புகழ்ந்தேன். ஆனால் அன்று அச்சிக்கனம் வெறும் பிடிவாதம் என்றே சொல்வேன்; சில அணா பெறும் தோட்டாவுக்கு ஓர் உயிரைப் பணயம் வைத்த செயல் அது. தம் நூலில் அவர் இதை மறைக்கவில்லை, அது அவர் பெருமை.

புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. என்றோ ஒருவன் சுட்ட குண்டின் விளைவு. மானைப் பற்றிக் கொல்லும் திறன் அன்றோடு போயிற்று. ஓடமாட்டாத, கொம்பில்லாத இரையாக மனிதன் அதற்குக் கிடைத்தான். சுட்டவன் யார், எந்தத் துப்பாக்கியால் சுட்டான் என்பது எவருக்கும் தெரியாது. அவன் அன்று மாலை, தப்பிவிட்டது என்று சொல்லி வீடு திரும்பியிருப்பான். தவறிய அந்த ஒரு குண்டின் கணக்கில் 436 உயிர். காலாதுங்கியில் இலந்தைப் புதர் அருகே ஒரு சிறுவன் ரவைத் துப்பாக்கியைத் தாழ்த்தி நின்றதை இங்கே நினைவுகூர்க.

இந்த வெற்றிக்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹூவட் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். இலண்டன் ரிக்பி நிறுவனத்தார் செய்த .275. அடிக்கட்டையில் வெள்ளித் தகடு. அதில் சம்பாவத் புலியின் செய்தி. நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்ற புலியை வீழ்த்தியவருக்குப் பெரிய யானைத் துப்பாக்கி அல்லவா தந்திருக்க வேண்டும் என்று தோன்றும். வந்ததோ மான் வேட்டைக்குரிய மெல்லிய துப்பாக்கி! இதன் தோட்டா 1892இல் ஜெர்மனியில் மௌசர் வடிவமைத்த 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான், ரிக்பியார் அதற்கு.275 என்ற ஆங்கிலப் பெயரைச் சூட்டினர். குண்டு 140 கிரெய்ன், ஒன்பது கிராம். வேகமோ வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல். முன் கணக்கையே மறுபடி போட்டால் குண்டின் உந்தம் சுமார் 7.4, மார்ட்டினியின் உந்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. ஆற்றலைக் கணக்கிட்டாலோ மார்ட்டினி 2,600 ஜூல், ரிக்பி 3,000 ஜூல். தோளுக்கு உதை குறைவு, இலக்குக்கு வலிமை அதிகம். ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்று வகுப்பில் நாம் உருப்போட்டதன் பொருள் இதுதான். மேலே சொன்ன 7 மில்லிமீட்டர்-08 தோட்டாவும் ஏறக்குறைய இதே வலிமை உடையது. பத்து வயதில் கைக்கு வந்திருக்க வேண்டிய காலிபர் கார்பெட்டின் கைக்கு முப்பத்திரண்டாம் வயதில் வந்து சேர்ந்தது. அவன் சிறுவனாயிருந்த 1885இல் அது பிறக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்துப்பாக்கி அவரை எப்படிக் காத்தது என்பதற்கு 1930 ஏப்ரலில் நடந்த சௌகட் நிகழ்ச்சி ஒன்றே போதும். 64 பேரைக் கொன்ற பெண்புலியைத் தேடி ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கினார். வழியில் ஒரு பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டு, சேகரிக்கும் ஆவலால் இடக்கையில் எடுத்துக்கொண்டார். பெரும் பாறையைச் சுற்றி வந்து திரும்பிப் பார்த்தால் சில அடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது! விரைந்து அசைந்தால் அது பாயும். இடக்கையில் முட்டைகள். வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்ல முக்கால் வட்டம் சுழற்றி, தோளில் பதிக்காமலேயே விசையை இழுத்தார். புலி அங்கேயே சாய்ந்தது. கனத்த துப்பாக்கியை ஒற்றைக் கையால் அவ்வாறு சுழற்ற முடிந்திருக்காது. சுழற்றினாலும் அதன் உதை மணிக்கட்டை முறித்திருக்கும். முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தார் என்பதும், அரைமணி நேரத்தில் தாய்ப்பறவை வந்து அடைகாத்தது என்பதும் அவர் குறித்துச் சென்ற செய்திகள். 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை 1926 மே மாதத்தில் வீழ்ந்ததும் இந்த ரிக்பியின் ஒரே குண்டுக்குத்தான்.

இதனால் கார்பெட் பெரிய காலிபரை வெறுத்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. .450/400 இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் அவரிடம் இருந்தது. புதரில் காயத்தோடு ஒளிந்த புலியை நெருங்கும்போது அதை நம்பினார். ஆனால் அது தேர்ந்த மனிதர் தெரிந்து எடுத்துக்கொண்டது. மலையேற்றத்தில் அதன் கனத்தையும் அவர் அறிவார்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஆட்கொல்லிகளுக்கு அன்றிப் பிறவற்றுக்குத் துப்பாக்கி தூக்குவதை அவர் பெரும்பாலும் விட்டார். வன அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப் படங்கள் அவரை ஈர்த்தன. திரைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். பள்ளிகளுக்குச் சென்று சிறுவர்களுக்குக் காட்டு விலங்குகளின் குரல்களை வாயால் எழுப்பிக் காட்டினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயூன் அடிவாரத்தில் அமைவதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஹெய்லி பூங்கா எனப்பட்ட அது அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கிற்று. சோட்டி ஹல்த்வானி என்னும் கிராமத்தை விலைக்கு வாங்கி, பயிரிடுவோரைக் குடியமர்த்திப் பேணினார்.

1947இன் இறுதியில் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடியேறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1953இல் வந்த தம் நூலில்தான் கவட்டை வில்லிலிருந்து மார்ட்டினி வரையிலான இளமைக் கதையை விரிவாக எழுதினார். எழுபத்தெட்டு வயதில் எழுதியும் அந்தப் பித்தளைக் கம்பி அவருக்கு மறக்கவில்லை. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நியேரியில் காலமானார். அங்குள்ள தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய ரிக்பி துப்பாக்கி அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் போய்ச் சேர்ந்து நெடுங்காலம் இருந்தது. 2015இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கியது. அடுத்த ஆண்டு, 2016இல், புலிப் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் பொருட்டு அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குமாயூன் மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். வெள்ளித் தகடு அடிக்கட்டையில் அப்படியே இருந்தது.